மாம்பூ பார்க்க விடியலில் புறப்படுங்கள்

சேலம், நாமக்கல் சமவெளியில் வசந்தத்தின் வரவை முதலில் சொல்வது மாமரமே. மார்கழிக் கடைசியில் தலைகாட்டும் பூங்கொத்து, தை, மாசியில் தோப்பு முழுவதும் நிறைந்துவிடும். அயோத்தியாப்பட்டணம், குப்பனூர், வரகம்பாடிப் பக்கம் விடியலில் சைக்கிளில் சென்றால் பூவின் மணம் சாலைக்கே வந்துவிடும். கண்ணுக்கு விருந்தான இந்தப் பயணம், சிறு விவசாயிக்கு வருமானக் காவலும் ஆகும்.

குத்தகை வியாபாரி பூவைப் பார்த்துத்தான் விலை பேசுவார். தோப்புக்காரர் அதற்கு முன்பே மரத்துக்கு மரம் பார்த்திருக்க வேண்டாமா?

ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் பூக்கள் உண்டு. அவற்றில் இருபால் பூக்களே காய்க்கும். ஆண் பூக்கள் உதிர்ந்துவிடும். கடைசியில் பழமாவது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆகவே பூ உதிர்வதைக் கண்டு பதற வேண்டியதில்லை. பூங்கொத்தே கருகினால்தான் நஷ்டம்.

எதைப் பார்ப்பது?

தோப்பின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் சில மரங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் சுற்றி வந்து பார்க்க வேண்டும். பூங்கொத்தைத் தொட்டதும் சிறு பூச்சிகள் தத்திப் பறந்தால் அவை தத்துப்பூச்சிகள். சாற்றை உறிஞ்சிப் பூவைக் கருக்குவதோடு, தேன் போன்ற கழிவையும் இவை இலைமேல் சிந்தும். அதன்மேல் கரும்பூசணம் படரும்.

பூக்காம்பில் மாவு தூவியதுபோல் வெள்ளை படிந்திருந்தால் அது சாம்பல் நோய். பனியும் மேகமூட்டமும் உள்ள நாட்களில் இது வேகமாகப் பரவும்.

என்ன செய்வது?

கொத்து ஒன்றுக்கு 5 தத்துப்பூச்சிகளுக்கு மேல் காணப்பட்டால், மொட்டு விரியுமுன் இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல். மருந்தை லிட்டர் நீருக்கு 0.3 மில்லி வீதம் கலந்து தெளிக்கலாம். சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம் போதும். கந்தகத்தை உச்சி வெயிலில் தெளிக்கக் கூடாது. முன்பு பலரும் பயன்படுத்திய எண்டோசல்பானை 2011-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டது.

பூ முழுவதும் மலர்ந்த பிறகு பூச்சிமருந்து தெளிப்பதைத் தவிர்க்க வேண்டும். மாம்பூக்கள் பெரும்பாலும் அதிகாலையில் விரிகின்றன. வெயில் ஏறும்போது அவற்றை நாடி வரும் ஈக்களும் தேனீக்களுமே மகரந்தத்தைச் சேர்க்கின்றன. அவற்றைக் கொன்றுவிட்டால் பூ இருந்தும் காய் இராது. குத்தகைக்கு விட்டவர்கள் இதை வியாபாரியிடமும் பேச்சிலேயே உறுதி செய்துகொள்வது நல்லது.

பூக்கும் சமயம் நீர் பாய்ச்ச வேண்டாம். காய் பட்டாணி அளவு ஆனபின் பாய்ச்சினால் போதும்.

சந்தேகம் இருந்தால், பாதித்த பூங்கொத்தை ஒடித்துப் பையில் போட்டு, சேலத்தார் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலும், நாமக்கல் விவசாயிகள் அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி வளாக வேளாண் அறிவியல் நிலையத்திலும் காட்டி ஆலோசனை பெறலாம். வாரம் இரு காலைப் பொழுதை மாம்பூவுக்கு ஒதுக்கினால் வீண் மருந்துச் செலவு குறையும், காயும் நிற்கும்.