அம்மாவுக்கு வந்தது வெறும் 'கேஸ்'தானா?

50 வயது அம்மாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குது. தாடை வலிக்குது, முதுகு இழுத்துப் பிடிக்குது என்கிறார். நாம என்ன சொல்வோம்? "கேஸா இருக்கும்மா, கொஞ்சம் ஓம வாட்டர் குடி." இதுவே அப்பாவுக்கு வந்திருந்தால் அந்த நிமிஷமே ஆட்டோ பிடித்திருப்போம், இல்லையா?

ஹார்ட் அட்டாக் என்றாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரியும் ஓர் ஆண்தான் நம் கண்முன் வருகிறார். சினிமா உபயம்! ஆனால் இந்த நினைப்புக்குக் கொஞ்சம் காரணமும் இருக்கு. பெண்களுக்கு முதல் மாரடைப்பு, ஆண்களைவிடச் சராசரியாக 7 முதல் 10 ஆண்டுகள் தாமதமாக வருகிறது. அந்தத் தாமதத்தில் ஈஸ்ட்ரோஜனுக்குப் பெரிய பங்கு உண்டு.

அது பீரியட்ஸ், கர்ப்பம் சம்பந்தப்பட்ட ஹார்மோன்தானே என்று நினைக்காதீங்க. ரத்தக்குழாயின் உட்புறத்தில் ஒரே ஒரு செல் தடிமனில் எண்டோதீலியம் என்ற மெல்லிய படலம் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் அந்தச் செல்களில் போய் ஒட்டியதும், அவை நைட்ரிக் ஆக்ஸைடு வாயுவைச் சுரக்கின்றன. குழாயைச் சுற்றியுள்ள தசை தளர்கிறது. குழாய் விரிந்து ரத்தம் ஈஸியாக ஓடுகிறது. இத்துனூண்டு வாயு உடலில் பார்க்கும் வேலையைக் கண்டுபிடித்ததற்காக 1998-ல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசே கொடுத்தார்கள். கூடவே, கெட்ட கொழுப்பான எல்.டி.எல்-ஐ ஈஸ்ட்ரோஜன் கட்டுக்குள் வைக்கிறது.

மெனோபாஸ் வரும்போது இந்தப் பாதுகாப்பு மெள்ள விலகுகிறது. இந்தியப் பெண்களுக்கு அது 46, 47 வயதை ஒட்டியே வந்துவிடுகிறது. எல்.டி.எல் ஏறுது, ரத்தக்குழாய் விறைக்குது, கொழுப்பு இடுப்பிலிருந்து வயிற்றுக்கு இடம் மாறுது. 40 வயதுக்கு முன்பே பீரியட்ஸ் நின்றவர்களுக்கும், ஆபரேஷனில் சினைப்பைகளைச் சீக்கிரமே எடுத்துவிட்டவர்களுக்கும் ரிஸ்க் இன்னும் அதிகம்.

"அப்போ ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்தா முடிஞ்சுது!" என்று தோணுதா? டாக்டர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. 1960-களில் அமெரிக்காவில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த ஆண்களுக்கே ஈஸ்ட்ரோஜன் கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பும் ரத்தக்கட்டும் கூடின, நிறுத்திவிட்டார்கள். பிறகு 16,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் ஈஸ்ட்ரோஜனும் ப்ரோஜெஸ்டினும் கலந்த மாத்திரையைச் சோதித்தார்கள். 2002-ல் அதையும் பாதியில் நிறுத்தினார்கள். மாரடைப்பு, பக்கவாதம், மார்பகப் புற்றுநோய் என மூன்றும் மாத்திரை எடுத்தவர்களிடம் அதிகமாக இருந்தன.

ஏன்? வாய்வழியே போகும் ஈஸ்ட்ரோஜன், ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைக் கல்லீரலில் அதிகம் தயாரிக்க வைக்கிறது. தவிர, அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. அடைப்பு ஏற்கெனவே தொடங்கிய குழாயில் அதே ஹார்மோன் வேறு மாதிரி நடந்துகொள்வதாகப் பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இன்று ஹாட் ஃப்ளாஷ் தாங்க முடியாதவர்களுக்கு, 60 வயதுக்குள், மெனோபாஸ் வந்து 10 ஆண்டுகளுக்குள் ஹார்மோன் சிகிச்சையைப் பரிசீலிக்கிறார்கள். இதயத்தைக் காப்பதற்காக மட்டும் யாருக்கும் எழுதித் தருவதில்லை.

உறையும் விஷயம் உங்களுக்கும் உண்டு. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையால் இளவயதில் ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு ரொம்பக் குறைவுதான். ஆனால் 35-ஐத் தாண்டியும் சிகரெட் பிடிப்பவர்கள், கண்ணில் மின்னலடித்து வரும் மைக்ரேன் உள்ளவர்கள், வீட்டில் யாருக்காவது ரத்தக்கட்டு வந்தவர்கள் மெடிக்கல் ஷாப்பில் தாங்களே வாங்கிப் போட வேண்டாம். முதலில் டாக்டரைப் பாருங்க.

பசங்களா, டெஸ்டோஸ்டிரோன் பக்கம் வாங்க. குறைபாடு உள்ளவர்களுக்கு டாக்டர் அளந்து கொடுப்பது வேறு, ஜிம்மில் "ஒரு சைக்கிள் போடு மச்சி" என்று யாரோ நீட்டும் ஊசி வேறு. அந்த ஓவர் டோஸில் சிவப்பணுக்கள் பெருகி ரத்தம் கெட்டியாகும், நல்ல கொழுப்பு சரியும், இதயத் தசை தடிக்கும். மேலே பைசெப்ஸ் ஏறுவது கண்ணாடியில் தெரியும், இது தெரியாது.

சரி, அம்மாவிடம் வருவோம். பெண்களுக்கும் நெஞ்சுவலி வரும். ஆனால் மூச்சுத்திணறல், தாடை வலி, முதுகு வலி, குமட்டல், காரணமில்லாத அசதி என்றும் மாரடைப்பு வரலாம். திடீரென்று வந்தால் 108-க்கு போன் போடுங்க. முதல் இ.சி.ஜி நார்மல் என்று வந்தாலும், ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். எந்த வயசில் பீரியட்ஸ் நின்றது என்பதையும் நீங்களே சொல்லிடுங்க. அம்மா அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.