மருந்தடிக்கும் முன் நூறு செடி எண்ணுங்கள்

புரட்டாசி மழைக்கு விதைத்த மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்ததும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மானாவாரிக் கரிசல் காடுகளில் ஒரே கேள்விதான்: மருந்தடிக்கலாமா, வேண்டாமா? பக்கத்துக் காட்டுக்காரர் நேற்றே அடித்துவிட்டார். குருத்தை விரித்தால் மரத்தூள் போலப் புழுவின் எச்சம் அப்பிக் கிடக்கிறது. கணக்குப் பார்க்க யாருக்கு மனம் வரும்?

பயம் வீணானதல்ல. அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு 2016-இல் ஆப்பிரிக்காவிலும், 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவிலும் கண்டறியப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் பெரம்பலூர் மக்காச்சோளத்தைச் சல்லடையாக்கிவிட்டது. தாய் அந்துப்பூச்சி ஒரே இரவில் 100 கிலோமீட்டர்கூடப் பறக்கும். ஆயிரத்துக்கு மேல் முட்டையிடும். புழுவின் தலையில் தலைகீழான ‘ஒய்’ எழுத்து போல ஒரு வெள்ளைக்கோடும், வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருந்தால் அது படைப்புழுதான்.

ஆனால் புழு இருக்கிறது என்பதும், அதற்காகச் செலவு செய்யலாம் என்பதும் வேறு வேறு. இதை அறிவியலாக்கியவர்கள் ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் போஷ், ஹேகன் என்ற நான்கு கலிஃபோர்னியப் பூச்சியியலாளர்கள். குதிரைமசால் பயிரில் அசுவினியோடு மல்லுக்கட்டிய அனுபவத்தில், 1959-இல் அவர்கள் எழுதிய கட்டுரையின் சாரம் எளிது: பூச்சியால் வரும் நட்டம் மருந்துச் செலவைத் தாண்டும்போதுதான் மருந்தடிக்க வேண்டும். அந்த எல்லைக்குப் ‘பொருளாதார சேத நிலை’ என்று பெயர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏக்கருக்கு 25 குவிண்டால் விளையும், குவிண்டால் 2,000 ரூபாய்க்குப் போகும், மருந்தும் கூலியும் சேர்த்து ஒரு தடவை அடிக்க 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 1,500 ரூபாய் 75 கிலோ மக்காச்சோளத்துக்குச் சமம். மருந்து பாதி சேதத்தைத்தான் தடுக்கும் என்றால், புழு 150 கிலோவாவது தின்னும் நிலை இருந்தால்தான் போட்ட காசு திரும்பும். விலை இறங்கினால் இந்த எல்லை மேலே போகும். அதாவது, மக்காச்சோளம் விலை போகாத வருடத்தில் மருந்தை இன்னும் யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

எவ்வளவு தின்னும் என்பதில்தான் கண் ஏமாற்றுகிறது. கானாவிலும் ஜாம்பியாவிலும் விவசாயிகளைக் கேட்டபோது சராசரியாக 40 சதவீதத்துக்கும் மேல் மகசூல் போகும் என்றார்கள். ஜிம்பாப்வேயில் வயல்களையே அளந்து பார்த்த ஆய்வில், செடிகளில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை தாக்கப்பட்டிருந்தும், மகசூல் இழப்பு சுமார் 12 சதவீதம்தான். இலை கிழிந்த செடி மறுபடி துளிர்த்து மேலே வந்துவிடுகிறது. அந்த எண் நம் மண்ணுக்கும் மழைக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கிழிந்த இலையைக் கிழிந்த கதிராக எண்ணிவிடக் கூடாது.

நம் நாட்டில் அரசு வகுத்த பரிந்துரையும் இதே வழியில்தான் போகிறது. இளம்பயிரில் 5 சதவீதச் சேதம் தெரிந்தால் வேப்பங்கொட்டைக் கரைசல். குருத்து வளரும் பருவத்தில் சேதம் 10 முதல் 20 சதவீதம் ஆனால் மருந்து. முளைத்து எட்டு வாரம் தாண்டிப் பூவெடுக்கும் நேரத்தில் இரசாயன மருந்து கட்டுப்படியாகாது என்றே அந்தப் பரிந்துரை சொல்கிறது. கையால் பொறுக்கச் சொல்கிறது. முற்றிய புழு குருத்துக்குள் ஆழமாகப் போய்விடும், மருந்து அங்கே எட்டாது. ஆனால் நம் காடுகளில் கடைசி மருந்து பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் விழுகிறது.

காரணம், உழவு, விதை, உரம் என்று ‘இவ்வளவு போட்டாச்சு’ என்ற எண்ணம். 1985-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஆர்க்ஸ், புளூமர் மாணவர்களிடம் கேட்டார்கள்: ஒரே வார இறுதிக்கு 100 டாலருக்கு ஒரு சுற்றுலாவுக்கும், 50 டாலருக்கு அதைவிட நீங்கள் ரசிக்கப்போகும் இன்னொன்றுக்கும் பணம் கட்டிவிட்டீர்கள், எதற்குப் போவீர்கள்? பாதிக்கும் மேற்பட்டோர் 100 டாலர் சுற்றுலாவையே சொன்னார்கள். போன பணம் எங்கே போனாலும் திரும்பாது. இனி போடும் பணம் எதைக் கொண்டுவரும் என்பது மட்டுமே கேள்வி.

கணக்கில் வராத செலவு ஒன்றும் உண்டு. 2017-இல் பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தபோது நஞ்சேறி விவசாயிகள் இறந்தார்கள். 1959-இன் சூத்திரத்தில் அதற்கு இடமில்லை. வீட்டுக்கு ஆள் திரும்பி வருவதை எந்த ரூபாயில் போடுவது? தேவையில்லாத ஒவ்வொரு தெளிப்பையும் நிறுத்தச் சொல்ல எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

செலவு செய்ய வேண்டிய இடங்கள் விதைப்புக்கு முன்னும் பின்னும் இருக்கின்றன: விதைநேர்த்தி, கடைசி உழவில் வேப்பம்பிண்ணாக்கு, வரப்போரம் தட்டைப்பயறும் எள்ளும், அந்துப்பூச்சி வரவைக் காட்டும் இனக்கவர்ச்சிப் பொறி. எண்ணுவதற்கோ காசே வேண்டாம். ஓரத்து வரிசைகளை விட்டுவிட்டு, ஐந்து இடத்தில் இருபது இருபது செடி பாருங்கள். நூற்றில் எத்தனை குருத்து தின்னப்பட்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணோடு வாலிகண்டபுரத்திலோ சோழமாதேவியிலோ உள்ள வேளாண் அறிவியல் மையத்துக்குப் போங்கள், அல்லது கட்டணமில்லா உழவர் அழைப்பு மையத்தை 1800 180 1551-இல் கேளுங்கள். அதன் பிறகு கடைக்குப் போகலாம்.