புள்ளி விழாத தொகைக்கு யார் பொறுப்பு?

காரமடை, மேட்டுப்பாளையம் வட்டாரத்துக் கறிவேப்பிலை கிலோக் கணக்கில் கைமாறுவதால் எடையில் அரையும் காலும் வருவது வழக்கம். 37.5 கிலோவுக்கு, கிலோ 22 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வியாபாரி தர வேண்டியது 825 ரூபாய். எடையைப் பதியும் செயலியில் புள்ளி விழாமல் 375 என்று பதிந்தால் அதுவே 8,250 ரூபாயாகிவிடும். உள்ளிட்டது எண்தானா, அதில் ஒரே ஒரு தசமப் புள்ளிதான் உள்ளதா, பணமானால் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்களுக்கு மேல் இல்லாமல் இருக்கிறதா, தொகை நியாயமான உச்சவரம்புக்குள் அடங்குகிறதா என்றெல்லாம் செயலி முன்கூட்டியே பார்ப்பதுதான் உள்ளீட்டுச் சரிபார்ப்பு எனப்படுகிறது.

சரிபார்க்காத செயலியைவிட, பயனருக்குச் சொல்லாமல் தானே திருத்திவிடும் செயலியே அதிக ஆபத்தானது. இந்தியாவில் 1,00,000 என்று இலக்கங்களைப் பிரிக்கப் பயன்படும் கமா, ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளில் தசமக் குறியாகும். ஆகவே அந்நாட்டு வட்டார அமைப்பிலேயே இருக்கும் ஐபோனின் தசம எண் விசைப்பலகை, புள்ளிக்குப் பதிலாகக் கமாவையே காட்டும். அதில் 250,50 என்று அழுத்தினால், கமாவை வெறும் பிரிப்புக்குறி என எடுத்துக்கொண்டு நீக்கிவிடும் செயலி அதை 25050 ஆக்கிவிடும். ஐயத்துக்குரிய எண்ணை ஏற்காமல் நிறுத்தி, பயனரிடமே மீண்டும் கேட்பதுதான் முறை. உச்சவரம்பைப் பாராமல் விடுவதன் விளைவை 2021 மே மாதத்து நிகழ்வொன்று காட்டுகிறது: ஆஸ்திரேலியாவில் 100 டாலரைத் திருப்பித் தர வேண்டிய கிரிப்டோ.காம் நிறுவனத்தில், தொகைக்குரிய இடத்தில் கணக்கு எண் பதியப்பட்டதால் ஏறத்தாழ 1.05 கோடி ஆஸ்திரேலிய டாலர் வாடிக்கையாளர் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தது. ஏழு மாதங்கள் கழித்தே நிறுவனம் அதைக் கண்டறிந்தது.

தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி 2023 செப்டம்பரில் சென்னையில் ஒருவரின் கணக்கில் தவறுதலாக 9,000 கோடி ரூபாயை வரவு வைத்துவிட்டு, சிறிது நேரத்திலேயே எடுத்துக்கொண்டது. அந்த வசதி சாமானியருக்கு இல்லை. யுபிஐ ரகசிய எண்ணை இட்டுவிட்டால் அத்தொகைக்கு அவர் ஒப்புதல் தந்ததாகவே கொள்ளப்படுவதால், அனுமதியற்ற பரிவர்த்தனைகளுக்கு ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் அளித்த பாதுகாப்பு, விரல் தவறி அனுப்பிய பணத்துக்குப் பொருந்தாது. பெற்றவரின் சம்மதமின்றி வங்கியும் அதைத் திரும்ப எடுக்காது. ஆயினும் தவறுதலாக வந்த பணத்தைப் பெற்றவர் திருப்பித் தந்தாக வேண்டும் என்று 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவு கூறுகிறது; அவர் மறுத்தால் உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம்.

தவறியது விரலா, செயலியா என்பதைப் பொறுத்தே வழக்கின் போக்கு அமையும் என்பதால் ஆதாரம் முக்கியமாகிறது. ரகசிய எண் கேட்கும் பக்கத்தின் மேற்பகுதியில் தெரியும் தொகையே வங்கிக் கணக்கிலிருந்து கழியப் போவது. முந்தைய பெட்டியில் அழுத்திய எண்ணோடு அது ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். பணம் போன பிறகு தெரியவந்தால், வங்கியின் குறுஞ்செய்தி, பரிவர்த்தனை எண், அதே எண்ணை மீண்டும் உள்ளிட்டால் செயலி எப்படி மாற்றுகிறது என்பதைக் காட்டும் திரைப்பதிவு ஆகியவற்றோடு செயலியிலும் வங்கியிலும் புகாரைப் பதிய வேண்டும். முப்பது நாட்களில் வங்கி பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரங்களை 14448 என்ற எண்ணில் கேட்டறியலாம். சேவைக் குறைபாடு என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடவும் வழியுண்டு. அச்சட்டம் இலவசச் சேவையை வரையறைக்கு வெளியே வைத்திருப்பதால், கட்டணம் வாங்காத செயலி நிறுவனத்தின் மீது மட்டும் வழக்குத் தொடுப்பதைவிட, கணக்கு வைத்திருக்கும் வங்கியையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பது வலுவானது.