உறையும் நீரும் உடையும் குழாயும்

திருப்பூரில் குளிர்காலம் என்பது மார்கழி விடியலில் ஒரு சால்வையைப் போர்த்திக்கொள்ளும் அளவுதான். குழாயைத் திறந்தால் தண்ணீர் வராத நாட்கள் நமக்கும் உண்டு. ஆனால் அதற்குக் காரணம் குளிர் அல்ல என்பது உங்களுக்கே தெரியும். அப்படியிருக்க, தண்ணீர்க் குழாய்களைக் குளிரிலிருந்து காப்பது பற்றி இந்த ஊரிலிருந்து ஒருவன் எழுதுவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருவில் லாரி ஓட்டும் நண்பர் ஒருவர் இருக்கிறார். லாரி அவருடைய சொந்த லாரி. மாதத் தவணை இன்னும் முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் டிசம்பர்க் கடைசியில் பின்னலாடைப் பொதிகளை ஏற்றிக்கொண்டு ஸ்ரீநகருக்குப் புறப்பட்டார். பெருமாநல்லூரில் நெடுஞ்சாலையைப் பிடித்துச் சேலம் போய்விட்டால், அங்கிருந்து 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையே ஸ்ரீநகர் வரை கொண்டுபோய்விடும். கிளம்புமுன் என்னிடம், "ஏனுங்க சார், அங்க குளிரு சாஸ்தியாமே, வண்டிக்கு ஏதாச்சும் பண்ணோணுங்களா?" என்று கேட்டார். "உங்களுக்குத்தான் ரெண்டு கம்பளி வேணும், வண்டிக்கு என்ன?" என்று சொல்லி அனுப்பினேன். நீரின் முரண்பட்ட விரிவைப் பத்தொன்பது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிவரும் ஆசிரியன் சொன்ன பதில் இது!

காஷ்மீரில் காசிகுண்ட் என்னுமிடத்தில், சாலையில் பனி விழுந்திருந்ததால் லாரிகளை நிறுத்திவிட்டார்கள். இரவு முழுவதும் வண்டி திறந்த வெளியில் நின்றது. ரேடியேட்டரில் இருந்தது நம் ஊர்த் தண்ணீர்தான். உறையாமல் காக்கும் திரவம் எதுவும் அதில் இல்லை. காலையில் பார்த்தபோது ஒரு சேதமும் தெரியவில்லை. நண்பகலில் வெயில் ஏறியதும் என்ஜினுக்கு அடியில் சொட்டுச் சொட்டாக நீர் ஒழுகத் தொடங்கியது. என்ஜினின் வார்ப்பிரும்புச் சுவரில் மயிரிழை போல ஒரு விரிசல்! இரவில் உடைத்த பனிக்கட்டியே அடைப்பாகவும் இருந்து, விரிசலைக் காலை வரை மறைத்து வைத்திருந்தது. தொலைபேசியில் அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது: "தண்ணி நெறையத்தானுங்க ஊத்தி வெச்சேன். ஐஸுக்கு இத்தனை வலுவுங்களா?"

அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

பொதுவாகப் பொருள்கள் குளிர்ந்தால் சுருங்கும். நீரும் 4° செ. வரை அப்படியே சுருங்குகிறது. அதற்குக் கீழே விரியத் தொடங்குகிறது, 0° செ.யில் உறையும்போது ஒரே தாவலாக விரிகிறது. பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் அறுகோணக் கூடுகளாக, இடைவெளி விட்டு அடுக்கப்படுவதே காரணம். ஒரு லிட்டர் நீர் உறைந்தால் ஏறத்தாழ 1,090 மில்லி லிட்டர் பனிக்கட்டியாகும். நூற்றுக்கு ஒன்பது பங்கு அதிகம். இதெல்லாம் உங்கள் பாடநூலிலேயே இருக்கிறது.

பாடநூல் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. குழாயில் பனிக்கட்டி உண்டாகும் இடத்திலேயே அது சுவரைப் பக்கவாட்டில் தள்ளி உடைக்கிறது என்றுதான் பலரும் எண்ணுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் குழாய்களை உறையவைத்துச் செய்த ஆய்வு ஒன்று 1996இல் வெளியாயிற்று. அதில் தெரியவந்தது வேறு. பனிக்கட்டி குழாய்ச் சுவரிலிருந்து உள்நோக்கி வளர்ந்து, முதலில் ஓரிடத்தில் தக்கைபோல் அடைத்துக்கொள்கிறது. பிறகு அது குழாயின் நீளவாக்கில் வளர்கிறது. வளரும்போது எதிரே இருக்கும் நீரை, பீச்சாங்குழலின் தண்டு தள்ளுவதுபோலத் தள்ளுகிறது. மறுமுனையில் குழாய் மூடியிருந்தால் அந்த நீர் எங்கே போகும்? நீரைச் சுருக்குவது மிகக் கடினம். ஆகவே தக்கைக்கும் மூடிய முனைக்கும் இடையில் சிக்கிய நீரில் அழுத்தம் ஏறுகிறது. பெரும்பாலும் குழாய் வெடிப்பது அங்கேதான். பனிக்கட்டி ஓரிடத்தில், வெடிப்பு வேறோரிடத்தில்!

அழுத்தம் எவ்வளவு ஏறும்? அடைபட்ட நீர் −1° செ.யில் உறையாமல் இருக்கச் சுமார் 130 வளிமண்டல அழுத்தம் வேண்டும். −5° செ.யில் சுமார் 600. −22° செ.யில் இரண்டாயிரத்துக்கும் மேல். அந்த அழுத்தத்தைச் சுவர் தாங்காவிட்டால் சுவர் தோற்கும். நம் தெருக் குழாயில் இரண்டு, மூன்று வளிமண்டல அழுத்தம் இருந்தாலே குடம் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நண்பரின் லாரிக்கு வருவோம். ரேடியேட்டர் மெல்லிய குழாய்களால் ஆனது. என்ஜினின் உள்ளறையோ அகலமானது. எது முதலில் உறையும்? ஒரு கணக்குப் போடுவோம். அரை அங்குலக் குழாயில் ஒரு மீட்டர் நீளத்தில் சுமார் 125 மில்லி லிட்டர் நீர் இருக்கும். அதைச் சூழ்ந்த பரப்பு சுமார் 400 சதுர சென்டிமீட்டர். அதாவது, மில்லி லிட்டருக்கு மூன்றுக்கும் மேல். 100 லிட்டர் கொள்ளும் கனசதுரத் தொட்டியில் மில்லி லிட்டருக்கு 0.13 சதுர சென்டிமீட்டர்தான் வருகிறது. வெப்பம் வெளியேறுவது பரப்பின் வழியே. வெளியேற வேண்டிய வெப்பமோ நீரின் நிறையைப் பொறுத்தது. ஒரு கிராம் நீர் 0° செ.யில் உறைவதற்கு 80 கலோரி உள்ளுறை வெப்பத்தை விட்டாக வேண்டும். எனவே மெல்லிய குழாய் முதலில் உறைகிறது. ரேடியேட்டர் உறைந்து வழியை அடைத்த பிறகு, என்ஜின் அறையிலுள்ள நீர் நாற்புறமும் சிறைப்பட்டுவிட்டது. நிறைய ஊற்றி வைத்தது குற்றமல்ல. அந்த நீர் விரிய இடமில்லாமற் போனதே குற்றம்.

காஷ்மீர மக்கள் இதை அனுபவத்தால் அறிந்தவர்கள். டிசம்பர் 21 முதல் நாற்பது நாள்களை அவர்கள் 'சில்லாய் கலான்' என்கிறார்கள். அந்நாள்களில் தெருக்குழாய்க்கு அடியில் நெருப்பு மூட்டிப் பனிக்கட்டியை உருக்கும் காட்சியைச் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். அப்படி உருக்கும்போது குழாயின் வாயைத் திறந்துவைத்து, வாய்ப் பக்கத்திலிருந்தே சூடாக்க வேண்டும். நடுவில் சூடாக்கினால் உருகிய நீரும் ஆவியும் வெளியேற வழியின்றிப் பழைய ஆபத்தே திரும்ப வரும். இரவில் குழாயைச் சற்றே திறந்து சொட்டவிடும் வழக்கமும் குளிர்நாடுகளில் உண்டு. ஓடும் நீர் உறையாது என்பதற்காக என்று பலர் சொல்வர். அதில் ஓரளவே உண்மை. சொட்டும் குழாயிலும் பனிக்கட்டி அடைக்கலாம். ஆனால் முனை திறந்திருப்பதால் அழுத்தம் ஏறாது, குழாய் பிழைத்துக்கொள்ளும்.

வீட்டுக் குழாயையாவது யாராவது கவனித்துக்கொண்டிருப்பார்கள். மாதக்கணக்கில் ஆளில்லாமல் நிற்கும் ஒன்றை என்ன செய்வது? படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்கள் தங்கும் கேரவனை அறிவீர்கள். கனடாவில் நம் தமிழர்கள் பலர் வாழும் டொராண்டோ போன்ற நகரங்களில், கோடையில் ஏரிக்கரைகளுக்குச் சென்று தங்க இத்தகைய வண்டிகளைக் குடும்பங்களே வைத்திருப்பதுண்டு. தொட்டி, பம்பு, வெந்நீர்க் கலன், கழுவு தொட்டி, கழிப்பறை என்று ஒரு வீட்டின் குழாயமைப்பு முழுவதும் அதனுள் இருக்கும். குளிர்காலம் வருமுன் அதை உறக்கத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

முதலில் எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு, தாழ்ந்த இடத்திலுள்ள வடிகால் அடைப்பான்களைக் கழற்றுகிறார்கள். மேலே குழாய்களைத் திறப்பது காற்று உள்ளே புகுவதற்காக. உறிஞ்சுகுழலின் மேல்வாயை விரலால் மூடினால் உள்ளே நீர் நிற்கிறதல்லவா? அதே கதைதான் இங்கும். வெந்நீர்க் கலனை ஆறவிட்டே வடிக்க வேண்டும்.

வடித்த பின்னும் வளைவுகளில் நீர் தங்கும். அதைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதி வெளியேற்றுகிறார்கள். நம் நிட்டிங் எந்திரங்களில் படியும் பஞ்சை ஊதித் தள்ளுகிறோமே, அதே கம்ப்ரஸர்தான். ஆனால் மூன்று வளிமண்டல அழுத்தத்துக்குள் வைக்க வேண்டும். ஆர்வம் மிஞ்சினால் பனிக்கட்டி செய்யவிருந்த வேலையை நாமே செய்துவிடுவோம்.

காற்றுக்கும் அசையாத இடங்கள் இரண்டு உண்டு: பம்பின் உள்ளறை, கழுவு தொட்டிக்கடியில் துர்நாற்றத்தைத் தடுக்க நீர் தேக்கிவைக்கும் வளைவு. இங்கு நீருக்குப் பதில் உறையாத திரவத்தை நிரப்புகிறார்கள். நம் ஐஸ் பேக்டரிகளில் தகர டப்பாக்களைச் சூழ்ந்திருக்கும் உப்புநீர் 0° செ.க்குப் பல டிகிரி கீழேயும் திரவமாகவே இருப்பதைப் பார்த்திருக்கலாம். கரைந்த பொருளின் துகள்கள், நீர் மூலக்கூறுகள் பனிக்கட்டியாக அணிவகுப்பதைக் கடினமாக்குகின்றன. ஆனால் உப்பு, உலோகத்தைத் தின்றுவிடும். சாயப்பட்டறைக் குழாய்களைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே கிளைக்கால் என்ற கரிமத் திரவங்களைப் பயன்படுத்துகிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். லாரி, கார் ரேடியேட்டர்களில் ஊற்றுவது பெரும்பாலும் எதிலீன் கிளைக்கால். நீருடன் சரிபாதி கலந்தால் −37° செ. வரை உறையாது. சுவை இனிப்பு, ஆனால் சிறுநீரகத்தை அழிக்கும் நஞ்சு. 2022இல் காம்பியா நாட்டில் குழந்தைகள் இறந்தபோது, இருமல் மருந்துகளில் இதுவும் இதன் உறவான டைஎதிலீன் கிளைக்காலும் கலந்திருந்ததாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. எனவே குடிநீர் ஓடும் கேரவன் குழாய்களில் இதைத் தொடவே கூடாது. அங்கு நஞ்சு மிகக் குறைந்த புரோபிலீன் கிளைக்காலைத்தான் பம்பு செய்வார்கள். அடையாளத்துக்காக அதற்கு இளஞ்சிவப்பு நிறமூட்டியிருப்பர். ஒவ்வொரு குழாயிலும் இளஞ்சிவப்பு தலைகாட்டினால் வேலை முடிந்தது. கடுங்குளிரில் இதுவும் இறுகும். ஆனால் கல்லாகாமல் கூழாகவே நிற்பதால் குழாய்க்குச் சேதமில்லை. முன்னரே நீரை வடித்துவிட வேண்டும் என்பதன் காரணம் இப்போது புரியும்: மிச்சமிருக்கும் நீர் இதை நீர்த்துப்போகச் செய்துவிடும்.

வீட்டில் குளிர்பெட்டி இருப்பவர்கள் ஒரு சோதனை செய்யலாம். அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்கள் மூன்று எடுங்கள். கண்ணாடிப் பாட்டில் வேண்டவே வேண்டாம். முதலாவதில் விளிம்பு வரை நீர் ஊற்றி இறுக மூடுங்கள். இரண்டாவதில் முக்கால் பங்கு மட்டும். மூன்றாவதில் 400 மில்லி லிட்டர் நீரில் 120 கிராம் உப்பைக் கரைத்து ஊற்றுங்கள். மூன்றையும் தனித்தனிப் பைகளில் இட்டு, உறைபெட்டியில் ஓரிரவு வைத்து, காலையில் எடுத்துப் பாருங்கள். பிறகு, கிட்டத்தட்ட உருகும் வரை ஒரு தட்டில் வைத்திருங்கள். எந்தப் பாட்டில் ஒழுகுகிறது, எப்போது ஒழுகத் தொடங்கியது என்று நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நண்பரின் லாரி காலையில் ஒழுகாமல் நண்பகலில் ஒழுகிய கதையை உங்கள் தட்டிலேயே காணலாம்.