பேச்சு வரும் பருவம் – 9: தூளியில் கிடக்கும் சமத்து

காது சரியாகக் கேட்டும் பேச்சு தள்ளிப்போகிற பிள்ளைகள் உண்டு. அவர்களில் சிலருக்கு நாக்கிலோ தொண்டையிலோ குறையைத் தேடுவது வீண். வயிற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த பாப்பாக்குறிச்சி நம் திருச்சி மாவட்டத்து ஊர். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தச் சோறு இரண்டு வயது முடிந்த பிள்ளைக்கே கிடைத்தது. மூளை மிக வேகமாக வளர்வதும் முதல் சொல் பிறப்பதும் அதற்கு முன்பே. 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 6 மாதம் முதல் 36 மாதம் வரையான குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாத பிள்ளைக்குக் கூடுதல் உணவு கொடுத்தது. சரியான வயதைப் பிடித்த திட்டம் அது. பேர்தான் ஊர் வாயில் நிற்கவில்லை.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் ஐந்து வயதுக்கு உட்பட்ட நான்கு பிள்ளைகளில் ஒன்றுக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. வெறும் குட்டை என்றால் விட்டுவிடலாம். ஆனால் அதன் பின்னால் பெரும்பாலும் சத்துக்குறைவு இருக்கும். இரும்புச்சத்து குறைந்தால் நரம்பிழையைச் சுற்றி உறை சரியாகப் படியாது, மூளைக்குள் செய்தி மெதுவாகவே ஓடும். அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தால் தின்றதும் உடம்பில் ஒட்டாது. சோர்ந்த பிள்ளை இடுப்பை விட்டு இறங்காது. நாயைக் கண்டு விரல் நீட்டாது. அது விரல் நீட்டினால்தானே "பாரு, நாய்!" என்று நாம் சொல்வோம்? பார்க்கச் சின்னதாக இருப்பதால் இரண்டு வயதுப் பிள்ளையிடம் கைக்குழந்தையிடம் பேசுவதைத்தான் பேசுகிறோம்.

முசிறியில் கோரைப்பாய் நெய்கிற வீட்டில் பிள்ளை அழாமல் தூளியில் கிடந்தால் "சமத்து" என்று பேர் வாங்கும். தறியில் கை ஓயாத தாய்க்கு அது நிம்மதி. அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சத்தில்லாத பிள்ளையும் அப்படித்தான் கிடக்கும்.

சோறு போட்டால் பேச்சு தானாக வந்துவிடுமா? 1986-87-இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் சாலி கிரந்தம்-மெக்ரிகர் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகள், 9 முதல் 24 மாத வயது. ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு. இன்னொரு பிரிவின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் போய், வீட்டில் செய்த பொம்மைகளை வைத்துத் தாயையும் பிள்ளையையும் பேசி விளையாட வைத்தார். மூன்றாவது பிரிவுக்கு இரண்டும் உண்டு, நான்காவதுக்கு எதுவும் இல்லை. இரண்டு ஆண்டு முடிவில் முந்தியவர்கள் இரண்டும் பெற்ற பிள்ளைகள். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது, பேசி விளையாட வைக்கப்பட்டவர்களின் வருமானம் மற்றவர்களைவிட சுமார் 25 சதவீதம் கூடுதல். பால்மாவு மட்டும் குடித்தவர்களுக்கு அந்தப் பலன் நீடிக்கவில்லை.

எனவே சத்துமாவு பாக்கெட்டை வாங்கிவந்து ஊட்டும்போது வாயை மூடிக்கொண்டு ஊட்டாதீர்கள். ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் "அம்மா வா" என்று இரண்டு சொல் சேரவில்லை என்றால், "ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் பேசும்" என்று வசம்பைத் தேய்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தின்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இரண்டு முறை வர வேண்டும். மொழி வளர்ச்சித் தாமதமும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் இருக்கிறது. எடையும் உயரமும் குறித்துக்கொண்டு கிளம்பினால், "டாக்டர், பேச்சையும் பாருங்க" என்று கேளுங்கள்.

(தொடரும்)