சுயஸ் வழியும் கல்முனைத் தோணியும்

கல்முனைக் கரையிலே வைகறையில் தோணி இறக்கும் மீனவர் முதலில் நோக்குவது வானத்தை. அடுத்து நோக்குவது மண்ணெண்ணெய்க் கலனை. அக்கலனை நிரப்பும் செலவு தொலைதூரக் கடல்வழிகளையும் பொறுத்தது.

2023ஆம் ஆண்டின் இறுதியிலே செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படலாயின. அதனால் எண்ணெய்க் கப்பல்கள் பல, சுயஸ் கால்வாயைத் தவிர்த்து, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. 1967 முதல் 1975 வரை அக்கால்வாய் மூடப்பட்டிருந்தபோதும் இவ்வாறே நிகழ்ந்தது.

வளைகுடாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இலங்கைக்கு வரும் எண்ணெய் சுயஸைக் கடப்பதில்லையே. இங்கு விலை ஏறுவானேன் என வினவலாம். கப்பல்கள் உலகிற்குப் பொதுவானவை. ஐரோப்பா செல்லும் கப்பல் ஏறத்தாழ இரு வாரம் கூடுதலாகக் கடலில் நின்றால், அடுத்த சுமைக்குக் கப்பல் அருகும், கூலி உயரும். அவ்வுயர்வு ஏனைய துறைமுகங்களையும் எட்டும்.

ஆயினும், பழி முழுவதும் கடல்வழிக்கு உரியதன்று. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தமைக்கு, அந்நியச் செலாவணி நெருக்கடியும் மானியக் குறைப்புமே பெருங்காரணங்கள். நாணயம் தளர்ந்த வேளையில் கடல்வழியும் நீளுமாயின் சுமை இரட்டிக்கும். கரையில் ஏலம் போகும் மீனுக்குத் தாமே விலை கூற இயலாத தோணிக்காரர், அச்சுமையை வேறெவர் தோளிலும் இறக்கிவைக்க முடியாது.