சீட்டில் வரும் குதிரை!

நாம மேட்ச்சுக்குப் பழகின பேட்டைத்தானே தூக்கிட்டுப் போவோம்? அமெரிக்காவில் 'கல்லூரிகளுக்கிடையிலான குதிரைப் போட்டிகள் சங்கம்' நடத்தும் போட்டிகளில் அது நடக்காது. சொந்தக் குதிரைக்கு அனுமதி கிடையாது!

1967-இல் ஃபேர்லி டிக்கின்சன் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் இச்சங்கத்தைத் தொடங்கினார். குதிரை வாங்க வசதி இல்லாதவரும், இப்போதுதான் கற்பவரும் கலந்துகொள்ள வேண்டும் என்பதே நோக்கம். போட்டி நடத்தும் கல்லூரியே குதிரைகளைத் தரும். யாருக்கு எது? சீட்டுக் குலுக்கல்தான்! நடுவர் பார்ப்பது குதிரையை அல்ல, ஓட்டுபவரின் திறமையை.

அதனால் பயிற்சியாளர்கள் மாணவர்களை வெவ்வேறு குதிரைகளில் மாற்றி மாற்றி ஏற்றுவார்கள். முதலில் நீளக் கயிற்றில் குதிரையை வட்டமாக நடத்துவார்கள். மேலே இருப்பவர் கடிவாளத்தைப் பிடிக்காமல், உடம்பாலேயே சமநிலை பழகணும். விழாமல் இருக்கக் கடிவாளத்தில் தொங்கினால் குதிரைக்கு வாய் வலிக்குமே!

புதியவருக்கு நடையும் மெதுவோட்டமும் மட்டும். தேர்ந்தவர் தடை தாண்டுவார். ஆனால் அணிக்காக ஓட்டும் இருவரில் யார் தம் பிரிவில் முதலாவதாக வந்தாலும் அதே 7 புள்ளிதான். அதனால் புதியவரை ஓரமாக உட்கார வைக்க முடியாது.

நம்ம விளையாட்டு டீமிலும் இப்படி இருந்தா எப்படி இருக்கும்? யோசிங்க!